நீரும் ஒளியும் காக்கும் கைகள்

கல்லூரியொன்றின் விழா மலர், அதன் பழைய மாணவர் அனைவரும் கூடி அமரும் மண்டபம் போன்றது. அம்மண்டபத்தில் வைத்தியர் இருப்பர், நியாயவாதிகள் இருப்பர், பொறியியலாளர், கணக்காளர், ஆசிரியர், திணைக்களத் தலைவர், வணிகப் பெருமக்கள் ஆகியோரும் இருப்பர். அவர்தம் பெயர்களையும் பதவிகளையும் வரிசைப்படுத்தி எழுதி, ஈன்ற தாய்போலக் கல்லூரி பெருமிதங் கொள்வது இத்தகைய மலர்களின் மரபு. அம்மரபு நல்லதே, அதனை யாம் குறைகூற முற்படவில்லை. ஆயினும் அவ்வரிசையை ஒருமுறை மேலிருந்து கீழாக நிதானமாகப் படிப்போமாயின், ஒரு சாராரின் பெயர் அதில் எவ்விடத்தும் இல்லாமை புலனாகும். வீட்டிற்கு நீர்க்குழாய் பூட்டுவோர், மின்கம்பி இழுப்போர், பழுதுற்ற நீர்ப்பம்பியைத் திருத்துவோர், அடைபட்ட வடிகாலைத் திறந்துவிடுவோர் ஆகியோரே அச்சாரார்.

நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தோருள் இத்தொழில் புரிவோர் இலர் என்பது இதன் பொருளன்று. சாதாரண தரப் பரீட்சையோடு கல்லூரிப் படலையைக் கடந்து சென்ற மாணவர் ஆண்டுதோறும் உளர். அவருட் சிலர் கையிற் கருவிப்பை ஏந்தி, கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நம் வீட்டு வாயில்களில் வந்து நிற்கின்றனர். அவர் நம்மை அறிவர். நாம் அவரை அறிந்தாலும் மலரில் எழுதுவதில்லை. எழுதுமாறு அவரும் கேட்பதில்லை. இம்மௌனம் ஏன் நிலவுகின்றது, அதனால் விளையும் கேடு யாது, அதனை நீக்குதற்கு நம்மால் ஆவது யாது என்பவற்றை இவ்விழாக் காலத்திற் சிந்தித்தல் தகும் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதற்கண் இத்தொழில் நம் நகருக்குச் செய்துள்ள பணியை நோக்குவோம். கொச்சிக்கடை கொழும்பின் பழைய குடியிருப்புகளுள் ஒன்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும், புனித அந்தோனியார் திருத்தலமும், ஜம்பட்டா வீதியும், துறைமுகமும் அடுத்தடுத்து அமைந்த இப்பகுதியில், மிகப் பழைய வீடுகளும், ஒரு பொதுக்குழாயைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் நெருங்கிய தோட்டங்களும், அண்மையில் எழுந்த தொடர்மாடிகளும் ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன. இத்துணை மக்கள் இத்துணை நெருக்கத்திற் கொள்ளைநோயின்றி வாழ முடிவது எதனால்? வைத்தியரின் அறிவினால் மட்டுமன்று. மண்ணுக்குக் கீழே கிடக்கும் குழாய்களினாலும் ஆம்.

கொழும்பு நகரத்தார் ஒரு காலத்திற் கிணறுகளையே பெரிதும் நம்பியிருந்தனர். கிழக்கே மலையடிக் காடுகளினிடையே லபுகம என்னுமிடத்தில் 1882ஆம் ஆண்டில் நீர்த்தேக்கம் ஒன்று கட்டத் தொடங்கப்பெற்று, 1886ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அங்கிருந்து இரும்புக் குழாய் வழியாக நகருக்கு நீர் வந்தது. பின்னர் கலட்டுவாவ நீர்த்தேக்கமும், களனி கங்கையின் நீரைத் தூய்மைப்படுத்தும் அம்பத்தலை நிலையமும் அதனோடு சேர்ந்தன. 1975ஆம் ஆண்டு முதல் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை நாட்டின் குடிநீர்ப் பணியைப் பொறுப்பேற்றது. அணை கட்டியவர் பெயரும் ஆணையிட்டவர் பெயரும் கல்லிற் பொறிக்கப்படலாம். அந்நீரை வீதியிலிருந்து வீட்டுக்கும், வீட்டு முற்றத்திலிருந்து அடுக்களைக்கும் கொணர்ந்து சேர்த்தவர் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

கழிவுநீரின் கதை இதனினும் கடியது. நிலக்கீழ் வடிகால் அமையுமுன், வாளி மலசலகூடங்களிற் சேர்ந்ததை மனிதரே சுமந்தகற்றினர். அவருட் பெரும்பாலார் இப்பணிக்கெனவே தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளர். 20ஆம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியிற் கொழும்பில் நிலக்கீழ் வடிகால்கள் அமைக்கப்பெற்றன. வடபுறத்துக் கழிவு முகத்துவாரப் பக்கத்திலும், தென்புறத்துக் கழிவு வெள்ளவத்தையிலும் கடலுக்குச் செலுத்தப்படுகின்றது. நகரத் தமிழர் செறிந்து வாழும் இரு பகுதிகளும் இங்ஙனம் ஒரே வடிகாலமைப்பின் இரு முனைகளை அண்டியிருக்கின்றன என்பதை நம்மவரிற் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அவ்வடிகால்களைத் துப்புரவு செய்து காத்த தமிழ்த் தொழிலாளருட் பலர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். எஞ்சியோர்க்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. நகரைச் சுத்தமாக வைத்திருந்தோர்க்கு அந்நகர் தன்னுள் இடமளிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

மின்னொளியோ நம் நகருக்கு நீரினும் பிந்தி வந்தது. 1895ஆம் ஆண்டில் கோட்டைப் பகுதியிலிருந்த பிரிஸ்டல் ஹொட்டலில் முதன்முதல் மின்விளக்குகள் ஏற்றப்பட்டன. பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே வகுத்துரைத்த நீர்மின் திட்டம், நெடுங்காலத் தடைகளுக்குப் பின் 1950ஆம் ஆண்டில் லக்சபானவிற் பயன் தந்தது. 1969ஆம் ஆண்டில் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. இன்று மின்சாரம் இல்லாத வீடு கொழும்பில் அரிது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்த காலத்தில், இவ்வாற்றல் நம் வாழ்வில் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை அனைவரும் உணர்ந்தோம்.

ஆயின், இத்தொழிலில் அறிவுக்கு என்ன வேலை? முறுக்கத் தெரிந்தாற் போதாதா? அடைத்ததைத் திறக்கவும் அறுந்ததை முடியவும் கல்வி எதற்கு? இங்ஙனம் வினவுவோர் நம்மிடையே உளர். அவர்க்கு மூன்று எடுத்துக்காட்டுகள் கூறுவோம்.

முதலாவது, கொச்சிக்கடையிலுள்ளவை போன்ற பழைய வீடுகளைப் பற்றியது. மின்கருவியின் உலோக உடலில் மின் கசியுமாயின், அதனைத் தீங்கின்றி நிலத்துக்குச் செலுத்துதற்கு எர்த் எனப்படும் புவித்தொடுப்பு வேண்டும். முற்காலத்தில் நிலத்திலே தண்டு புதைப்பதற்குப் பதிலாக, வீட்டிற்கு வரும் இரும்பு நீர்க்குழாயோடு அக்கம்பியைப் பிணைத்துவிடும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. இரும்புக்குழாய் மண்ணுக்குள் நெடுந்தூரம் செல்வதால் அதுவே புவித்தொடுப்பாகப் பயன்பட்டது. பல ஆண்டுகளின் பின் அக்குழாய் துருப்பிடித்து ஒழுகும். குழாய் வேலை செய்வோர் வந்து, அதனை அகற்றிப் பிளாஸ்டிக் குழாய் பூட்டிச் செல்வார். ஒழுக்கு நின்றுவிடும், வீட்டுக்காரர் மகிழ்வார். ஆனால் பிளாஸ்டிக்கு மின்னைக் கடத்தாதாதலின், அன்றே அவ்வீட்டின் புவித்தொடுப்பும் ஒழிந்துவிடும். விளக்கு எரியும், மின்விசிறி சுழலும், எவர் கண்ணுக்கும் ஒரு குறையும் தோன்றாது. என்றோ ஒருநாள் குளியலறையின் வெந்நீர்க் கருவியில் மின் கசியும்போதே அக்குறை வெளிப்படும். அப்பொழுது காலம் கடந்திருக்கும். குழாய் வேலை அறிந்தவர் மின்வேலையின் அடிப்படையையும் அறிந்திருந்தால், ஒரு கேள்வியால் ஓர் உயிர் காக்கப்படும். இது முறுக்கும் வலிமையா, கற்ற அறிவா?

இரண்டாவது, தொடர்மாடிகளைப் பற்றியது. கைகழுவும் தொட்டியின் அடியிலே குழாய் வளைந்து செல்வதையும், அவ்வளைவிற் சிறிது நீர் எப்போதும் தங்கி நிற்பதையும் கண்டிருப்பீர்கள். 1775ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கமிங் என்பார் மலசலகூடத் தொட்டிக்கு இத்தகைய வளைவை அமைத்து உரிமம் பெற்றார். தேங்கி நிற்கும் அந்நீர், வடிகாலின் நச்சுக்காற்று வீட்டினுள் ஏறாதபடி தடுக்கும் காவலாளி. 2003ஆம் ஆண்டில் ஹொங்கொங் நகரின் அமோய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில், சார்ஸ் என்னும் கொடிய சுவாச நோய் முந்நூற்றுக்கு மேற்பட்டோரைப் பற்றியது. பல வீடுகளிற் குளியலறைத் தரையின் வடிகால் வளைவுகள் நீரின்றி உலர்ந்து கிடந்தமையும், காற்றை வெளியேற்றும் விசிறிகள் வடிகாற் குழாயிலிருந்த நுண்துளிகளை அறைக்குள் இழுத்தமையும் நோய் பரவ வழியாயின என்பது பின்னர் நடந்த ஆய்வில் வெளியாயிற்று. இரண்டு விரற்கடை நீர் இல்லாமையால் ஒரு குடியிருப்பே நோய்க்களமாயிற்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிக்கு மேல் மாடி எழும் இக்காலத்தில், அவ்வளைவை எங்கே வைப்பது, காற்றுக்குழாயை எவ்வளவு உயர்த்துவது என்பவற்றை அறிந்த கைகள் நமக்கு வேண்டாவா?

மூன்றாவது, அன்றாடம் காண்பது. நீரின் அமுக்கம் குறைந்துவிட்டதென்று, வீதிக்குழாயிலிருந்து வரும் இணைப்பிலேயே நேரடியாகப் பம்பியைப் பூட்டி உறிஞ்சுவோர் உளர். இது தடைசெய்யப்பட்ட செயல். ஆயினும் அதனால் அண்டை வீட்டுக்கு நீர் குறைவதை மட்டுமே பலர் அறிவர்; அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. பம்பி உறிஞ்சும்போது குழாயினுள் அமுக்கம் தாழும். குழாயில் எங்கேனும் வெடிப்பிருப்பின், வெளியே மண்ணிற் தேங்கிய அழுக்குநீர் அவ்வெடிப்பு வழியே உள்ளே இழுக்கப்படும். நீர்க்குழாயும் கழிவுக்குழாயும் அருகருகே ஓடும் பழைய ஒழுங்கைகளில் இதன் விளைவை விரித்துரைக்க வேண்டியதில்லை. நிலத்திலே தொட்டி கட்டி, முதலில் நீரை அதனுள் இயல்பாக விழவிட்டு, அதன்பின் பம்பியால் மேலேற்றுதலே முறை. இதனை அறிந்த தொழிலாளி, வீட்டுக்காரர் வற்புறுத்தினாலும் தவறான இணைப்பைப் பூட்ட மறுப்பார். அறியாதவர் கூலியைப் பெற்றுக்கொண்டு பூட்டிவிடுவார்.

நாட்டின் செல்வத்துக்கும் இத்தொழிலுக்கும் உள்ள தொடர்பையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். செக்கனுக்கு ஒரு துளி வீதம் சொட்டும் குழாயை நாம் பொருட்படுத்துவதில்லை. இருபது துளி ஒரு மில்லிலீற்றர் எனக் கொண்டால், ஒரு நாளில் நாலு லீற்றருக்கு மேலும், ஓராண்டில் ஆயிரத்து ஐந்நூறு லீற்றருக்கு மேலும் அத்துளிகள் வீணாகும். ஒரு சிறு றப்பர் வாஷரை மாற்றினால் அது நிற்கும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு கொழும்பின் பழைய குழாய்களைப் புதுப்பிக்கும் திட்டம் 2012ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்டபோது, நகருக்கு அனுப்பப்பட்ட நீரில் ஏறக்குறையப் பாதி ஒழுக்கினாலும் களவிணைப்பினாலும் பிற காரணங்களாலும் வருமானம் தராது போய்க்கொண்டிருந்தது. தூய்மையாக்கிய நீரிற் பாதியை இங்ஙனம் இழக்கும் நகருக்கு, புதிய அணைகளைப் போலவே தேர்ந்த கைகளும் இன்றியமையாதன.

இத்துணைப் பொறுப்பு வாய்ந்த தொழிலைச் சமூகம் எங்ஙனம் நடத்துகின்றது? மேசனையும் தச்சரையும் குழாய் வேலை செய்வோரையும் கொழும்பிலே 'பாஸ்' என்று அழைக்கின்றோம். ஒல்லாந்தர் மொழியில் அச்சொல்லுக்கு எசமான் என்பது பொருள். சொல்லில் எசமான், நடத்தையில் அவ்வாறில்லை. வைத்தியரிடம் பேரம் பேசாத நாக்கு, பாஸிடம் நூறு ரூபாய்க்கு அரைமணி நேரம் வாதிடும். நியாயவாதியின் வீட்டு விறாந்தையிற் பொறுமையோடு காத்திருக்கும் மனிதர், பாஸ் கால்மணி நேரம் பிந்தினால் வாசலில் வைத்தே வைவார். நரைத்த தலையரையும் 'நீ' என்று விளிக்கும் பிள்ளைகள் நல்ல குடும்பங்களிலும் உளர். தேநீர் கொடுப்பினும் அதற்கெனத் தனியே வைத்த கோப்பையிற் கொடுக்கும் வீடுகள் இன்னும் ஒழிந்துவிடவில்லை. ஒழுக்கு தொடங்கிய அன்று அழையாது, கூரைத்தட்டு ஊறிச் சுவர் உதிரும்வரை பொறுத்திருந்து, பின் இரவு பத்துமணிக்கு அழைத்து, உடனே வா என்பதும், வந்தபின் இத்துணைச் சிறிய வேலைக்கு இவ்வளவு கூலியா என்பதும் அன்றாட வழக்கங்கள். அச்சிறிய வேலையைச் சிறிதாக்கியது அவரது இருபதாண்டுப் பழக்கம் என்பதை எவரும் எண்ணுவதில்லை.

இதற்கு வேர் எங்கேயுள்ளது? பிரித்தானியர் ஆட்சியில் ஆங்கிலக் கல்வி எழுதுவினைஞர் பதவிக்குப் படிக்கட்டாயிற்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்னும் பழமொழி அக்காலத்திற் பிறந்தது. வரண்ட நிலத்தில் வாழ்ந்த மக்களுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெரும் பற்றுக்கோடாயிருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேசையில் இருந்து செய்வது உயர்வு, முழந்தாளிட்டுச் செய்வது தாழ்வு என்னும் எண்ணமும் அதனோடு ஒட்டிக்கொண்டது. அவ்வெண்ணத்துக்கு அடியில் அதனினும் பழைய சாதிக்கணக்கு ஒன்று கிடந்தது. கழிவைத் தொடுவோன் தாழ்ந்தவன் என்ற அக்கணக்கே, வாளி சுமந்தவரைச் சேரிக்கு அனுப்பியது. இன்று வடிகால் திறப்போரை வாசலில் நிறுத்துகின்றது. 1901ஆம் ஆண்டில் கல்கத்தாக் காங்கிரசு மாநாட்டில் மலசலகூடத்தின் அசுத்தத்தைக் கண்ட காந்தியடிகள், விளக்குமாறு கேட்டு வாங்கித் தாமே துப்புரவு செய்தார். அவர் நிகழ்த்திக் காட்டிய பாடத்தைப் பாடநூலிற் படித்துப் பரீட்சையில் எழுதுகின்றோம், குளியலறையில் மறந்துவிடுகின்றோம்.

இம்மனப்பான்மையின் விலை சிறிதன்று. மதிப்பில்லாத தொழிலுக்குக் கற்றவர் வரார். வந்தவரும் முறையாகக் கற்க வழி காணார். பெரும்பாலோர் ஒரு மூத்த பாஸின் பின் கருவிப்பை தூக்கிச் சென்று, பார்த்துப் பழகியே தொழில் கற்கின்றனர். அவ்வழியில் வந்த வல்லுநர் பலர் நம்மிடையே உளர். அவர் கைத்திறனை எப்பட்டமும் மிஞ்சாது. ஆனால் பார்த்துப் பழகும்போது நல்லதோடு தவறும் சேர்ந்தே கைமாறுகின்றது. ஏன் இவ்வாறு செய்கின்றோம் என்று வினவினால், என் பாஸ் இப்படித்தான் செய்தார் என்பதே விடையாகின்றது. மறுபுறம், தேர்ந்தவர் நாட்டைவிட்டு அகல்கின்றனர். 2022ஆம் ஆண்டில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்கெனப் பதிவுசெய்து சென்றனர். கைத்தொழில் தேர்ந்தோரும் அவருள் அடங்குவர். பொருள் தேடிச் செல்வது அவரவர் உரிமை. எனினும் வளைகுடா நாட்டில் தலைக்கவசம் அணிவித்துச் சான்றிதழ் கேட்டு மதிக்கப்படும் ஒருவர், சொந்த ஊரில் வாசற்படியில் நிறுத்தப்படுவாராயின், அவரை ஈர்த்தது பணம் மட்டும் என்று கூறுதல் பொருந்தாது.

முறையான கல்விக்கு வழியே இல்லையோ எனின், உண்டு. அதனை நம்மவர் போதியவாறு அறியவில்லை. மருதானைத் தொழினுட்பக் கல்லூரி 1893ஆம் ஆண்டில் தொடங்கியது. மேற்கு ஜேர்மனியின் உதவியோடு எழுந்த இலங்கை - ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிலையம் இன்று மொறட்டுவையில் இயங்குகின்றது. ஜேர்மனியில் மாணவன் ஒருவன் வாரத்திற் சில நாள் தொழிலகத்திலும் சில நாள் பள்ளியிலும் பயில்வான். தேர்ச்சியின் உச்சியை எய்தியவரை 'மைஸ்டர்' எனச் சமூகம் மதிக்கும். நம் நாட்டிலும் 2004ஆம் ஆண்டு முதல் தேசிய தொழிற்றகைமை என்னும் ஏழு நிலைச் சான்றிதழ் முறை நடைமுறையில் உள்ளது. முதல் நான்கு நிலைகள் கைத்தொழிற் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். இரத்மலானையில் அமைந்த தொழில்சார் தொழினுட்பவியற் பல்கலைக்கழகம் அப்பட்டத்துக்கு வழி திறந்துள்ளது. ஆகவே பதினாறு வயதிற் குழாய் முறுக்கத் தொடங்கும் மாணவனுக்கு மேற்படிப்பின் கதவு அடைபடுவதில்லை. மேலும், பல ஆண்டு அனுபவம் உடையோர் வகுப்புக்குச் செல்லாமலே தம் திறமையைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறவும் இம்முறையில் இடமுண்டு.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். அது புறக்கணிக்கத்தக்க தடையன்று. 'வசதியுள்ளோர் தம் பிள்ளைகளை வைத்தியராக்குவர்; ஏழையின் பிள்ளைக்கு மட்டும் கருவிப்பையின் பெருமையை உபதேசிப்பர். இது பழைய சாதிக்கட்டைப் புதிய பெயரில் மீண்டும் கொணர்வதாகாதா?' என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. பிறப்பையும் வறுமையையும் பார்த்து ஒரு மாணவனைத் தொழிற்பயிற்சிக்குத் தள்ளுவது அநீதியே. கற்கும் ஆற்றலுடைய எப்பிள்ளைக்கும் பணமின்மையால் பல்கலைக்கழகம் மறுக்கப்படலாகாது. யாம் கூறுவது அதற்கு மாறானது. பரீட்சையில் தவறிய மாணவனின் தலையில் வீழும் தண்டனையாக இத்தொழில் இருத்தல் கூடாது; விரும்பிய மாணவன், அவன் வைத்தியரின் மகனாயினும், தலைநிமிர்ந்து தேர்ந்தெடுக்கும் தொழிலாக அது மாறவேண்டும். சாதிக்கட்டு நிற்பது தொழிலினாலன்று. தொழிலைப் பிறப்போடு பிணைத்து, அதற்குரிய கல்வியையும் கூலியையும் மரியாதையையும் மறுப்பதனாலேயே நிற்கின்றது. அம்மூன்றையும் வழங்கிவிட்டால் கட்டுத் தளரும். பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பகலிற் பெண்கள் மட்டுமே இருக்கும் வீடுகளில், மின்வேலை அறிந்த ஒரு பெண்ணை அழைக்க எத்தனையோ தாய்மார் விரும்புவர்.

சான்றிதழால் மட்டும் நல்ல தொழிலாளி உருவாவாரோ என்பது மற்றொரு தடை. உருவாகார். ஆனால் சான்றிதழ் பெற்றவரிடம் தவறுக்குக் காரணம் கேட்க இயலும். பெறாதவரிடம் விதியை நொந்துகொள்ளவே இயலும். வைத்தியரைப் பதிவுப் பெயர் கேட்டு நாடும் நாம், உயிரைப் பறிக்க வல்ல மின்கம்பியை மட்டும் வழியிற் கண்டவரிடம் ஒப்படைப்பது ஏன்?

இனி, இவ்விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் சங்கமும் கல்லூரியும் செய்யத்தக்கன என யாம் கருதுவனவற்றைச் சுருக்கிக் கூறுவோம்.

ஒன்று: பல்கலைக்கழக மாணவர்க்கு உதவுநிதி வழங்குவதுபோல, தொழிற்பயிற்சிக்குச் செல்லும் மாணவர்க்கும் ஒரு நிதி அமைத்தல் வேண்டும். பயிற்சிக் காலத்திற் பேருந்துச் செலவும் மதிய உணவும் இன்மையாலேயே இடையில் விட்டு, ஒரு கடையிற் சிற்றாளாகச் சேரும் இளைஞர் உளர். பயிற்சி முடிந்ததும் அவன் கையிற் சொந்தமாக ஒரு கருவிப்பை இருத்தல் வேண்டும். குழாய்த்திருகி, மரை வெட்டும் அச்சு, ரெஸ்ரர், மல்ரிமீற்றர், காப்பிட்ட திருப்புளிகள், கையுறை ஆகியவை அடங்கிய ஒரு பை, பழைய சோனகர் தெருவின் இரும்புக்கடைகளில், ஒரு விழா விருந்தின் செலவில் மிகச் சிறு பங்குக்குக் கிடைக்கும். அப்பை ஒரு குடும்பத்தை வாழவைக்கும்.

இரண்டு: கொச்சிக்கடையிலும் அயலிலும் ஏற்கெனவே தொழில் புரியும் பாஸ்மாரை அழைத்து, அவர்தம் அனுபவத்துக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற உதவுதல் வேண்டும். பலர்க்குத் தடையாயிருப்பது திறமையின்மையன்று, விண்ணப்பப் படிவமே. மாலை வேளையிற் கல்லூரி வகுப்பறை ஒன்றைத் திறந்துவிட்டு, படிவம் நிரப்பவும், செய்தவற்றைப் பதிந்து வைக்கவும், விடுபட்ட பாடங்களைக் கற்பிக்கவும் நம் பொறியியலாளர் சிலர் வாரத்தில் இரண்டு மணிநேரம் ஒதுக்கினாற் போதும். அங்கே கற்பிப்பவர் கற்பவராகவும் மாறுவர் என்பதில் எமக்கு ஐயமில்லை.

மூன்று: தமிழில் ஒரு கைந்நூல் எழுதப்பட வேண்டும். பாடநூல் 'ஆளி' என்னும். வீடு 'சுவிச்' என்னும். பாடநூல் 'உருகி' என்னும். கடை 'பியூஸ்' என்னும். இரு மொழியும் ஒன்றையொன்று அறியாது நிற்பதால், படித்தவன் கடையில் விழிக்கின்றான். பழகியவன் வகுப்பில் விழிக்கின்றான். இரண்டையும் அருகருகே வைத்து, படங்களோடு, பாஸ்மாரும் பொறியியலாளரும் கூடி எழுதும் நூறு பக்க நூல், பெரிய ஆராய்ச்சி நூல் பலவற்றினும் கூடிய பயன் தரும்.

நான்கு: மாணவர் அனைவருக்கும், எத்துறை பயில்வோராயினும், தம் வீட்டைத் தாமே அறியும் பாடம் ஒன்று கற்பித்தல் வேண்டும். நீரை அடைக்கும் வால்வு எங்கேயுள்ளது? மின்னைத் துண்டிக்கும் ஆளி எது? டிரிப் சுவிச் என்று நாம் வழங்கும் கருவி என்ன செய்கின்றது? வீட்டினுள் செல்லும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது இடையறாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லியம்பியர் அளவு வேறுபாடு கண்டாலும், ஒருவர் உடல்வழியே மின் நிலத்துக்குச் செல்கின்றது போலும் எனக் கொண்டு, இமைப்பொழுதில் மின்னைத் துண்டித்துவிடும். அதன் முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பார்த்தல் வேண்டும். அழுத்தியும் விழவில்லையெனின் அக்கருவி செத்துவிட்டது என்பது பொருள். இதனை வாசிப்போருள் எத்தனைபேர் தம் வீட்டுப் பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கின்றீர்கள்? இன்றே அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால், நாளையே தேர்ந்த ஒருவரை அழையுங்கள்.

ஐந்து: இதற்குப் பணம் வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும் தொழிலாளியைப் பெயர் கேட்டு, 'வாருங்கள்' என அழைத்தல். நாம் அருந்தும் கோப்பையிலேயே தேநீர் கொடுத்தல். வேலைக்கு முன்னே கூலியைப் பேசி முடித்து, முடிந்த அன்றே கொடுத்தல். வேலை செய்கையிற் பிள்ளையை அருகழைத்து, பாருங்கள், எவ்வளவு நுணுக்கமான வேலை என்று காட்டுதல். அப்பிள்ளை அன்று கற்பது பாடசாலையிற் பத்து ஆண்டுகளிலும் கற்க முடியாத பாடம்.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவியபோது, உயர்ந்த உத்தியோகமும் பெருங்கல்வியும் பெற்ற ஒருவர் கூலியாளரின் வாழ்வைத் தம் பொறுப்பாகக் கொள்வதைச் சிலர் வியந்திருக்கக்கூடும். கல்வியின் பயன் அதுவே. கற்றவன் கல்லாதவனினின்று விலகி நிற்பதற்கன்று கல்லூரி. கைகளின் அறிவையும் ஏட்டின் அறிவையும் ஒரே பந்தியில் அமர்த்துவதற்கே கல்லூரி.

பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கற்றூண்களை நோக்கி நிற்போர், அவற்றைச் செதுக்கிய உளியை எண்ணி வியக்கின்றனர். தூணைத் தொழுத கைகள், அக்கோயிலுக்கு நீரும் ஒளியும் தரும் கைகளையும் மதிக்கட்டும். கல்லூரியின் அடுத்த விழா மலர் வெளிவரும்போது, பழைய மாணவர் வரிசையில் வைத்தியருக்கும் நியாயவாதிக்கும் அடுத்து, 'நீர்க்குழாய் வல்லுநர், கொச்சிக்கடை' என்றும், 'மின்னிணைப்பாளர், வெள்ளவத்தை' என்றும் சில பெயர்கள் இடம்பெறுமாயின், அவற்றை அங்கே கண்டு எவரும் வியவாதிருப்பராயின், இக்கல்லூரி தன் பணியில் ஒருபடி மேலேறிவிட்டது என்று கொள்வோம். அந்நாளை விரைந்து கொணர்தல் ஆசிரியர், மாணவர், பழைய மாணவர் ஆகிய நம் மூவர் கடனுமாம்.